தற்புகழ்ச்சி வேறு, தேசத்தின் மதிப்பு வேறு

நாட்டிலேயே மிக அதிக வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி மல்காஜ்கிரி. ஹைதராபாத் மாநகரின் வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் இத்தொகுதியில் 2024 தேர்தலின்போது 37 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்காளர் பட்டியலில் இருந்தனர். அந்த ஆண்டு மார்ச் 15 அன்று பிரதமர் நரேந்திர மோடி இங்கு வாகனப் பேரணி நடத்தினார். இந்தியா ‘விஷ்வகுரு’வாக உயர்ந்துவிட்டது, உலகமே இன்று இந்தியாவை அண்ணாந்து பார்க்கிறது என்பது அத்தேர்தலில் நாடு முழுவதும் பாஜக முன்வைத்த பிரச்சாரம். தெலங்கானாவின் முன்னாள் சுகாதார அமைச்சர் ஈட்டல ராஜேந்தரை வேட்பாளராக்கித் தொகுதியையும் அக்கட்சி கைப்பற்றியது.

இந்தப் பிரச்சாரம் உண்மையா என்பதை உரசிப் பார்ப்பதற்கு மல்காஜ்கிரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பாலாநகரில் சோவியத் உதவியுடன் எழுந்து, பின்னர் முடக்கப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். ஆலை இத்தொகுதியில்தான் இருக்கிறது. கோவாக்சின் தடுப்பூசி உருவான ஜீனோம் வேலி ஷாமீர்பேட்டை வட்டாரத்தில் இருக்கிறது. மருந்து மூலப்பொருள் ஆலைகள் நெருக்கியடித்து நிற்கும் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையும் இங்கேதான். இந்தியாவை வெளியுலகம் ஏன் மதித்தது, அந்த மதிப்பு ஏன் தேய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த மண்ணிலேயே விடை கிடைக்கிறது.

இரு பார்வைகள்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023 ஆகஸ்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. உலக அரங்கில் இந்தியாவின் செல்வாக்கு சமீப ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கிறது என்று இந்தியர்களில் 68 சதவீதத்தினர் கருதினர். இதே கேள்வி அதற்கு முந்தைய ஆண்டில் 19 நாடுகளின் மக்களிடம் கேட்கப்பட்டபோது, ‘வலுப்பெற்றிருக்கிறது’ என்றவர்களின் இடைநிலை அளவு 28 சதவீதம் மட்டுமே. இந்தியாவைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் அந்நாடுகளில் கணிசமாகவே உள்ளனர். வெளியார் இந்தியாவை வெறுக்கவில்லை. இந்தியர்களுக்குச் சொல்லப்படும் அளவுக்கு அவர்கள் வியந்து நிற்கவும் இல்லை. அவ்வளவே.

இந்த இடைவெளி தானாக உருவானதல்ல. ஆளும் வர்க்கங்கள் திட்டமிட்டு வளர்த்தது. 2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் தில்லியில் ஜி-20 உச்சிமாநாடு நடந்தது. தலைமைப் பொறுப்பு உறுப்பு நாடுகளிடையே சுழற்சி முறையில் வருவது. ஆனால் அது பிரதமரின் தனிப்பெரும் சாதனையாகச் சுவரொட்டிகளில் சித்தரிக்கப்பட்டது. ‘ஒரே பூமி, ஒரே குடும்பம், ஒரே எதிர்காலம்’ என்ற முழக்கத்தின் கீழ், விருந்தினர்களின் வாகனங்கள் செல்லும் சாலையோரக் குடிசைகள் பச்சைத் திரைகளால் மறைக்கப்பட்டன. 2020 பிப்ரவரியில் டிரம்ப் அகமதாபாத் வந்தபோதும் குடிசைப் பகுதி ஒன்றின் முன் சுவர் எழுப்பப்பட்டது.

இதில் பாஜகவை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. 2017 நவம்பரில் ஹைதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு நடந்தது. டிரம்ப்பின் மகள் இவாங்கா வருகை தந்தார். ‘பெண்களுக்கு முதலிடம், அனைவருக்கும் வளம்’ என்பது மாநாட்டின் முழக்கம். அதற்கு முன்னதாக இரண்டு மாத காலத்துக்குப் பிச்சை எடுப்பதற்குத் தடை விதித்தது மாநகரக் காவல்துறை. நூற்றுக்கணக்கான மனிதர்கள் சாலைச் சந்திப்புகளிலிருந்து வாரிச் செல்லப்பட்டு, சஞ்சல்குடா, செர்லபள்ளி சிறை வளாகங்களில் அமைக்கப்பட்ட விடுதிகளில் அடைக்கப்பட்டனர். செர்லபள்ளி இருப்பது மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில். அப்போது ஆட்சியில் இருந்தது தெலங்கானா ராஷ்டிர சமிதி. 2000 மார்ச்சில் கிளிண்டன் வந்தபோது தெலுங்கு தேசம் ஆட்சியிலும் இதே ‘சுத்தப்படுத்தல்’ நடந்தது. 2025 மே மாதம் காங்கிரஸ் ஆட்சியில் உலக அழகிப் போட்டி நடத்தப்பட்டபோது, ராமப்பா கோயிலுக்கு வந்த போட்டியாளர்களின் கால்களை உள்ளூர்ப் பெண்கள் கழுவிவிடும் காட்சி அரங்கேறியது. கொடிகள் மாறின, விருந்தினர் முன் ஏழையை ஒளிப்பதும் குனிய வைப்பதும் மாறவில்லை.

இவை எதையும் வெளிநாட்டவர் காணாமல் போகவில்லை என்பதே இதிலுள்ள வேடிக்கை. திரைகளைப் பற்றியும் சுவரைப் பற்றியும் சிறை வளாகங்களைப் பற்றியும் உலகப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. மறைக்க எடுத்த முயற்சியே செய்தியானது.

உழைத்துப் பெற்ற மதிப்பு

உண்மையில் இந்தியாவை மூன்றாம் உலக நாடுகளின் மக்கள் நன்றியோடு பார்த்த காலம் உண்டு. அதற்குக் காரணம் மருந்து.

விடுதலைக்குப் பின் நாட்டின் மருந்துச் சந்தை பன்னாட்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வரையறுத்தது. மறுபுறம் 1961இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். சோவியத் உதவியுடன் ரிஷிகேஷிலும் ஹைதராபாத்திலும் மருந்து ஆலைகளையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலையையும் அமைத்தது. மருந்துகளை மூலப்பொருளிலிருந்தே உள்நாட்டில் தயாரிக்கும் திறனை இந்தப் பொதுத்துறை வளர்த்தது. பின்னாளில் ஹைதராபாத்தில் தனியார் மருந்துத் தொழிலைத் தொடங்கியவர்களும் இங்கே பயின்றவர்களே. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனர் அஞ்சி ரெட்டி ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றியவர்.

இதன் பலனை உலகம் 2001இல் கண்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் அதிகமாக விற்கப்பட்ட எய்ட்ஸ் கூட்டுமருந்தை 350 டாலருக்குத் தர முடியும் என இந்திய நிறுவனமான சிப்லா அறிவித்தது. ஆப்பிரிக்காவில் சாவை எதிர்நோக்கியிருந்த லட்சக்கணக்கான ஏழைகளுக்கு அது உயிர்ப்பிச்சையாக அமைந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சிகள் போராடிச் சேர்த்த பாதுகாப்புகளுள் ஒன்று, 3(டி) பிரிவு. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை கோருவதை அது தடுக்கிறது. இப்பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. அந்நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது.

‘ஏழைகளின் மருந்தகம்’ என்ற பெயரை இந்தியாவுக்குச் சூட்டியவர்கள் வெளியார். எந்த இந்திய அமைச்சரும் அதற்காக விளம்பரப் பலகை வைக்கவில்லை. பன்னாட்டு மூலதனத்துக்கு எதிராக எடுத்த அரசியல் நிலைபாடும், பொதுத்துறையும், விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் செலுத்திய உழைப்புமே அப்பெயரை ஈட்டித் தந்தன.

அடித்தளத்தை இடித்தவர்கள்

அந்த அடித்தளம் தாராளமயக் கொள்கையால் தகர்க்கப்பட்டது. ஐ.டி.பி.எல். 1992இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அதை மூடிவிட மோடி அமைச்சரவை முடிவெடுத்தது. இன்று மருந்து மூலப்பொருள் இறக்குமதியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சீனாவை நம்பியிருக்கிறது ‘தற்சார்பு’ பேசும் இந்தியா. தடுப்பூசியிலும் இதே கதைதான். கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமங்கள் 2008 ஜனவரியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் நிறுத்திவைக்கப்பட்டன. கடும் எதிர்ப்புக்குப் பின் 2010இல்தான் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாய் மக்கள் பணத்தில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், பெருந்தொற்றின் உச்சத்தில் செயலற்றுக் கிடந்தது. அதைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கேட்டும் பயனில்லை.

பொதுத்துறையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆட்சியாளர்கள் பெருமையை மட்டும் அவசரமாக உற்பத்தி செய்தனர். கோவாக்சின் மனிதச் சோதனை தொடங்கும் முன்பே, 2020 ஆகஸ்ட் 15க்குள் தடுப்பூசியை வெளிக்கொணர வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். தலைவர் ஜூலை 2 அன்று மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார். செங்கோட்டை உரைக்கு ஏற்ப அறிவியல் நடைபோட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. இந்திய அறிவியல் கழகமே அந்தக் காலக்கெடு நியாயமற்றது என்று அறிக்கை விட நேர்ந்தது. 2020 டிசம்பர் 9 அன்று 64 நாடுகளின் தூதர்களை ஜீனோம் வேலிக்கு அழைத்துச் சென்று காட்டியது ஒன்றிய அரசு. 2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவுகள் வருமுன்பே அவசர ஒப்புதல் வழங்கப்பட்டது. கேள்வி எழுப்பிய விஞ்ஞானிகள் தேசவிரோதிகள்போல் நடத்தப்பட்டனர்.

பின்னர் வந்த முடிவுகள் தடுப்பூசி பயனளிப்பதையே காட்டின. அதை உருவாக்கிய விஞ்ஞானிகளின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் அவசரத்தின் விலையை மக்களே கொடுத்தனர். பிரேசில் ஒழுங்குமுறை அமைப்பு, உற்பத்தித் தரம் தொடர்பான காரணங்களைச் சொல்லி 2021 மார்ச்சில் இறக்குமதிக்கு அனுமதி மறுத்தது. உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் 2021 நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை கோவாக்சின் போட்டுக்கொண்ட மாணவர்களும் தொழிலாளர்களும் பல நாடுகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். 2022 ஏப்ரலில், ஆலை ஆய்வுக்குப் பின் உற்பத்தி நடைமுறைக் குறைகளைச் சரிசெய்வதற்காக ஐ.நா. அமைப்புகள் வழியான விநியோகம் நிறுத்திவைக்கப்பட்டது. வெளியுலகம் முழக்கங்களைச் சோதிப்பதில்லை, தரவுகளைக் கேட்கிறது.

2021 ஜனவரி 28 அன்று டாவோஸ் மாநாட்டில் காணொளி வழியாகப் பேசிய பிரதமர், கொரோனாவைக் கட்டுப்படுத்தியதன் மூலம் மனிதகுலத்தையே பேரழிவிலிருந்து இந்தியா காத்துவிட்டதாகப் பெருமை பேசினார். பிப்ரவரியில் பாஜக அதை வெற்றியாகக் கொண்டாடித் தீர்மானம் போட்டது. ஏப்ரலில் தில்லியில் மூச்சுக்காற்று இல்லாமல் மக்கள் மடிந்தனர். கங்கையில் பிணங்கள் மிதந்தன. ‘தடுப்பூசி நட்புறவு’ என்ற பெயரில் ஏற்றுமதியான சுமார் 6.6 கோடி தவணைகளில் நன்கொடையாக வழங்கப்பட்டது ஒரு கோடி அளவே. பெரும்பகுதி வணிக விற்பனை. அந்த ஏற்றுமதியும் திடீரென நிறுத்தப்பட்டபோது, பணம் கட்டியிருந்த வங்கதேசமும் நேபாளமும் இரண்டாம் தவணைக்கு வழியின்றி நின்றன.

2018 கேரள வெள்ளத்தின்போது ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட அயல்நாட்டு அரசுகளின் உதவியை ஏற்க விடாமல் தடுத்தது இதே ஒன்றிய அரசு. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள கொள்கை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து அதே அரசு பல நாடுகளிடமிருந்து ஆக்சிஜன் கருவிகளைப் பெற்றுக்கொண்டது. சின்னஞ்சிறு பூட்டான் அசாமுக்கு ஆக்சிஜன் தர முன்வந்தது. உதவி பெறுவதில் இழிவு எதுவும் இல்லை. கேரள மக்களுக்கு மறுக்கப்பட்டதே இழிவு. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 47 லட்சம் பேர் இறந்திருப்பர் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அரசின் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. இறந்தவர்களை எண்ணுவதற்கு மாறாக, எண்ணிய முறையைக் கண்டிப்பதில்தான் அரசு முனைப்புக் காட்டியது.

குப்பிக்குள் இருந்த நஞ்சு

2022 அக்டோபரில், ஹரியானா நிறுவனம் ஒன்றின் நான்கு இருமல் மருந்துகள் குறித்து உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தனர். டைஎத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் மருந்தில் கலந்திருந்தது. எய்ட்ஸ் மருந்துக்காக இந்தியாவை வாழ்த்திய அதே கண்டம் அது. ஒன்றிய அரசோ, உலக சுகாதார அமைப்பு அவசரப்பட்டு இந்திய மருந்துகளின் பெயரைக் கெடுத்துவிட்டது என்று கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டே ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தின் வழியாக, தரம் குறைந்த மருந்து தொடர்பான குற்றத்தை அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது.

காம்பியாவின் அழுகையை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதே நஞ்சுக்குப் பலியாகியிருக்க மாட்டார்கள். அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். சம்பவத்துக்குப் பின் நடந்த ஆய்வில் நூற்றுக்கணக்கான விதிமீறல்கள் தெரியவந்தன. அதற்கு முன் ஆய்வாளர்கள் எங்கே இருந்தனர்? மருத்துவக் கட்டமைப்பில் முன்னணி மாநிலம் என்று பெருமைப்படும் தமிழ்நாடும் இக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேசத்தின் தற்புகழ்ச்சிக்குப் பொருந்தும் விமர்சனம் மாநிலத்தின் தற்புகழ்ச்சிக்கும் பொருந்தும்.

‘உலகின் மருந்தகத்தை’ இயக்கும் தொழிலாளர்களின் நிலை என்ன? 2025 ஜூன் 30 அன்று ஹைதராபாத்தை அடுத்த பாசமைலாரத்தில், மருந்துத் தயாரிப்புக்கான துணைப்பொருள் ஆலை வெடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சில உடல்கள் கிடைக்கவே இல்லை. ஜீடிமெட்லாவில் முகமூடியின்றி ரசாயனப் புகையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் இவர்களில் ஒருவரே. உலக அரங்கில் நாட்டின் பெயரைச் சுமப்பவர் இவர். ஆனால் பெருமிதப் பேச்சுகளில் இவருக்கு இடமில்லை.

வெளியே பணிவு, உள்ளே மிரட்டல்

வெளியார் புகழ்ந்தால் அது சான்றிதழ். குறை சொன்னால் அது சதி. இதுவே மோடி அரசின் அளவுகோல். 2023 உலகப் பட்டினிக் குறியீட்டில் 125 நாடுகளில் இந்தியா 111ஆவது இடத்தில் வைக்கப்பட்டபோது, அது உள்நோக்கம் கொண்டது என்று நிராகரித்தது. விவசாயிகள் போராட்டம் குறித்து ஒரு பாடகி ட்விட்டரில் ஒற்றை வரி எழுதியதற்கு வெளியுறவு அமைச்சகமே அறிக்கை வெளியிட்டது. 2023இல் பிபிசி ஆவணப்படம் முடக்கப்பட்டது. தொடர்ந்து அதன் அலுவலகங்களில் வருமான வரித்துறை நுழைந்தது. தன்னம்பிக்கை உள்ள எந்த அரசும் ஒரு படத்துக்கு அஞ்சாது.

ஆனால் ஏகாதிபத்தியத்தின் முன் இந்த வீரம் காணாமல் போகிறது. ஹூஸ்டனிலும் அகமதாபாத்திலும் டிரம்ப்புக்காக விழா எடுத்தனர். 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டப்பட்டு அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்திறங்கினர். ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதிக்கப்பட்டது. செப்டம்பரில் புதிய எச்1-பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டு, ஹைதராபாத், சென்னை இளைஞர்களின் நெஞ்சில் இடி விழுந்தது. விலங்கிடப்பட்ட தன் குடிமக்களுக்காக உரத்துப் பேச முடியாத அரசு, உள்நாட்டில் சிறுபான்மையினரிடமும் விமர்சகர்களிடமும் தேசபக்திச் சான்று கேட்கிறது. தற்புகழ்ச்சி அரசியலின் வர்க்கக் குணம் இதுவே: மேலே உள்ளவரிடம் அடங்கிப்போவது, கீழே உள்ளவரை அடக்கி வைப்பது.

உழைப்பாளரின் தேசப்பெருமை

கம்யூனிஸ்டுகள் தேசப்பெருமைக்கு எதிரிகள் என்பது ஆர்எஸ்எஸ் பரப்பும் பொய். முதல் உலகப்போர் வெறி தலைக்கேறிய 1914 டிசம்பரில், ‘மாருஷ்யர்களின் தேசியப் பெருமிதம்’ குறித்து லெனின் ஒரு கட்டுரை எழுதினார். ரஷ்யத் தொழிலாளிக்குத் தன் மொழியின் மீதும் நாட்டின் மீதும் பற்று உண்டு. அந்தப் பற்றினாலேயே ஜார் ஆட்சியின் கொடுமையைக் கண்டு அவர் வெட்கப்படுகிறார், கொடுங்கோன்மையை எதிர்த்தெழுந்த தன் மக்களை எண்ணிப் பெருமைப்படுகிறார் என்பது அவரது வாதம். தெலங்கானா மண்ணில் நிஜாமையும் நிலப்பிரபுக்களையும் எதிர்த்து ஆயுதமேந்திய விவசாயிகள் விட்டுச்சென்ற பெருமையும் அத்தகையதே.

மல்காஜ்கிரியில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. அதைக் காக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. ஐ.டி.பி.எல். நிலத்தை மனை வணிகர்களின் கைக்குப் போகவிடாமல், அங்கே பொதுத்துறை மருந்து உற்பத்தியை மீட்க வேண்டும். செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகமும் குன்னூர், கிண்டி நிறுவனங்களும் முழுத் திறனோடு இயங்க வேண்டும். ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தின் மருந்துத் தளர்வு நீக்கப்பட்டு, மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஆலைப் பாதுகாப்பு ஆய்வைக் கேலிக்கூத்தாக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தொழிற்பேட்டை வாயில்களிலும் குடியிருப்புகளிலும் கட்சி அணிகள் இடைவிடாது எடுத்துச் செல்ல வேண்டும். விஷ்வகுரு முழக்கத்தில் மயங்கிய வாக்காளரை ஏளனம் செய்வதால் பயனில்லை. நாட்டை நேசிக்கும் அவரது உணர்வு உண்மையானது. அதைச் சூறையாடுபவர்களே எதிரிகள். காம்பியாவின் தாயும் சிந்த்வாராவின் தாயும் நம்பிக் கையில் எடுக்கக்கூடிய மருந்தை மல்காஜ்கிரியின் தொழிலாளி உயிர் பயமின்றித் தயாரிக்கும் நாளில், இந்தியாவின் மதிப்பை யாரும் மேடை போட்டு முழங்கத் தேவையிருக்காது.